முப்பது ஆண்டு மௌனமும் ஒரு கடிதமும்

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, பாட்டு எழுதுபவருக்கும் அவரை விரும்பித் தேடி வருபவருக்கும் இடையிலான உறவைப் பற்றியவை. மூன்றுக்கும் பொதுவான செய்தி இருப்பதால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வஷ்டி பன்யன் என்ற ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடகியின் பாடல்களை என் மகள் இரவில் படிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். தம் மகன் வயதுள்ள அமெரிக்க இசைக்குழுவினருடன் இந்த அம்மையார் சேர்ந்து பாடியிருப்பதாகவும், அதற்கு முன் முப்பது ஆண்டுகள் பாடாமலே இருந்ததாகவும் சொல்கிறாள். இந்தச் சேர்க்கை எப்படி நடந்தது?
– வாசகி, தோ பாயோ

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள ‘நாட்டுப்புறப் பாடகி’ என்ற சொல்லை முதலில் பார்த்துவிட வேண்டும், அம்மா. தம்மை ‘ஃபோக்’ பாடகி என்று பிறர் அழைப்பதை வஷ்டி பன்யன் பல நேர்காணல்களில் மறுத்திருக்கிறார். நம் மொழியில் நாட்டுப்புறப் பாட்டு என்றால் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் நினைவுக்கு வரும்; அவற்றை யார் கட்டினார் என்று கேட்டால் பாடுகிறவருக்கே தெரியாது, கேட்கிறவரும் அதைக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 1960களுக்குப் பிறகு ‘ஃபோக்’ என்ற சொல், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தாமே எழுதித் தாமே பாடுகிறவர்களையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. வஷ்டியின் பாடல்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் உண்டு, அவர் இன்றும் இருக்கிறார். பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடே அடிப்படை என்பது என் கருத்து.

1945-இல் பிறந்த வஷ்டி, ஆக்ஸ்ஃபர்டில் ஓவியம் படிக்கச் சேர்ந்து, வகுப்புக்குப் போகாமல் பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியேற்றப்பட்டவர். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டாம் அவரைப் பாடவைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் அவர் பாடியது அவருடைய சொந்தப் பாட்டன்று. அக்குழுவைச் சேர்ந்த மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதியது. தட்டு எடுபடவில்லை. அதன்பின் லண்டன் வாழ்க்கையில் சலிப்புற்று, 1968-இல் தம் துணைவருடன் பெஸ் என்ற குதிரை இழுக்கும் வண்டி ஒன்றில் ஏறி, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் புறப்பட்டார். டானவன் என்ற பாடகர் அங்கே கலைஞர்களுக்காக ஒரு குடியிருப்பை அமைக்கிறார் என்று கேள்விப்பட்டதே காரணம். துவாஸிலிருந்து சாங்கிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆனாலே பெருமூச்சு விடும் நமக்கு இது விளங்குவது கடினம்: அந்தப் பயணம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீண்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டானவன் அங்கே இல்லை. ஆனால் சாலையோரத்தில் எழுதிய பாடல்கள் கையில் இருந்தன.

அப்பாடல்களை ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் ஒலிப்பதிவு செய்ய, ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ என்ற தொகுப்பு 1970 டிசம்பரில் வெளிவந்தது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன், இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் ஆகிய குழுக்களின் தேர்ந்த கலைஞர்கள் அதில் வாசித்தார்கள். சில பாடல்களுக்கு இராபர்ட் கர்பி இசைக்கோவை அமைத்தார். ஃபிடிலும் மேண்டலினும் பேஞ்சோவும் சேர்ந்த அந்த ஒலிதான் அவருக்கு ‘ஃபோக்’ முத்திரையைக் குத்தியது. இசைக்குறிப்பு எழுதத் தெரியாத ஓர் இளம்பெண், தம் மனத்தில் ஓடுவது இதுவன்று என்று பெயர்பெற்ற கலைஞர்கள் நிறைந்த அறையில் எப்படிச் சொல்லியிருப்பார்? தொகுப்பு விற்கவே இல்லை. அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் கிராமப்புறங்களில் வாழ்ந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். தம் பிள்ளைகளுக்குக்கூடத் தாம் பாடியதில்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாலாட்டு இல்லாத வீடு! நம்மவருக்கு இதைவிட எப்படிச் சொன்னால் அந்த மனவலி புரியும்?

அவர் மௌனமாக இருந்த காலத்தில் அந்த இசைத்தட்டு மௌனமாக இருக்கவில்லை. மிகக் குறைவாக அச்சானதாலேயே அது அரிய பொருளாகி, சேகரிப்பவர்களிடையே பெரும் விலைக்குக் கைமாறியது. தட்டு கிடைக்காதவர்கள் நாடாவில் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். 1990களின் பிற்பகுதியில் ஒருநாள் அவர் கணினியில் தம் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் தாம் மறக்கப்படவில்லை என்பதை அறிந்தார். தொகுப்பின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, 2000-ஆம் ஆண்டில் அது குறுந்தட்டாக மறுவெளியீடு கண்டது.

உங்கள் கேள்விக்கு உரிய கட்டம் இனித்தான் வருகிறது. மறுவெளியீட்டுக்கு அடுத்த ஆண்டு, அப்போது பெயர் அறியப்படாதிருந்த டெவேந்திரா பன்ஹார்ட் என்ற இளம் பாடகர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் அவர், ‘உங்களுடன் பாட வாய்ப்புக் கொடுங்கள்’ என்று கேட்கவில்லை. ‘நான் பாட்டைத் தொடரலாமா?’ என்று ஆலோசனை கேட்டார். தோற்றுவிட்டோம் என்று முப்பது ஆண்டுகள் நம்பியிருந்த ஒருவரிடம், தம் பாட்டு தேறுமா என்று இன்னொருவர் கேட்கிறார் என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு எது? நான் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் சற்று நிற்பது வழக்கம்.

அதன்பின் சேர்க்கை படிப்படியாக வளர்ந்தது. 2002-இல் பியானோ மேஜிக் என்ற பிரிட்டிஷ் குழுவின் தொகுப்பில் விருந்தினராக ஒரே ஒரு பாட்டைப் பாடினார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் குரல் பதிவானது அதில்தான். 2004-இல் பன்ஹார்ட்டின் ‘ரிஜாய்சிங் இன் தி ஹேண்ட்ஸ்’ தொகுப்பின் தலைப்புப் பாடலில் அவருடன் இணைந்து பாடினார். அடுத்து வந்தவர்கள்தான் உங்கள் மகள் சொன்ன அமெரிக்கக் குழுவினரான அனிமல் கலெக்டிவ். இருதரப்புக்கும் நண்பரான ஓர் இசைக்கலைஞரின் வழியாக அவர்கள் வஷ்டியைச் சந்தித்தார்கள். பிறகு லண்டனில் சில நாள்களில் ஒலிப்பதிவை முடித்து, ‘ப்ராஸ்பெக்ட் ஹம்மர்’ என்ற நான்கு பாடல் கொண்ட சிறு தொகுப்பை 2005-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் மூன்றில் வஷ்டியின் குரல் ஒலிக்கிறது.

இரசிகர்கள் பொதுவாகச் செய்வது என்ன? பழைய புகழ்பெற்ற பாட்டையே மறுபடி பாடச் சொல்வார்கள். இக்குழுவினர் அப்படிச் செய்யாமல், தாங்கள் எழுதிய புதிய பாடல்களை அவரிடம் கொடுத்தார்கள். 1965-இலும் பிறர் எழுதிய பாட்டைத்தானே பாடினார், இதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். அன்று ஒரு விற்பனைத் திட்டத்துக்குள் அவரைப் பொருத்தினார்கள். இம்முறை பாடல்களை எழுதியவர்களே அவருடைய மென்மையான குரலை விரும்பிக் கேட்டவர்கள். அந்தக் குரலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கருவிகளின் ஒலி அவர் குரலின்மேல் ஏறி உட்காரவில்லை. மகள் அனுமதித்தால் நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அச்சிறு தொகுப்பை வெளியிட்ட ஃபேட்கேட் நிறுவனமே அதே ஆண்டில் அவருடைய சொந்தத் தொகுப்பையும் கொண்டுவந்தது. முதல் தொகுப்புக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த அந்த இரண்டாம் தொகுப்பின் பெயர் ‘லுக்ஆஃப்டரிங்’. தயாரிப்பாளர் மேக்ஸ் ரிக்டர்; ஜொயானா நியூசம் ஹார்ப் வாசித்தார், பன்ஹார்ட்டும் வாசித்தார். 1970-இல் இசைக்கோவை அமைத்த இராபர்ட் கர்பியும் இதில் ஒரு வாத்தியக்காரராக வந்து சேர்ந்துகொண்டார். 2014-இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பான ‘ஹார்ட்லீப்’பின் பெரும்பகுதியை அவரே வீட்டில் அமர்ந்து கணினியில் அமைத்தார் என்பதைக் கவனியுங்கள். குறிப்பு எழுதத் தெரியாததால் அன்று சொல்ல முடியாமல் போனதை, எழுபது வயதை நெருங்கியபோது தாமே செய்துகொண்டார்.

கேள்வி: என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1988-இல் காலமானார். அவர் கைப்பட எழுதிய இரண்டு நோட்டுப் புத்தகங்கள் எங்களிடம் உள்ளன. அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன; ஆனால் மெட்டு யாருக்கும் நினைவில்லை. தெரிந்த இளையர் ஒருவர் அவற்றுக்குத் தாம் மெட்டுப் போடுவதாகச் சொல்கிறார். எழுதியவர் இல்லாதபோது வேறொருவர் மெட்டமைத்தால் அது தாத்தாவின் பாட்டாகுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்துக்கு ஓர் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறது, ஐயா. அமெரிக்காவின் பெயர்பெற்ற பாட்டுக்காரர் உடி கத்ரி 1912-இல் பிறந்து, ஹண்டிங்டன் என்ற நரம்பு நோயால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1967-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் மெட்டில்லாமல் கிடந்தன. அவருக்கும் இசைக்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லாததால் மெட்டுகள் அவரோடே போய்விட்டன.

1990களில் அவருடைய மகள் நோரா கத்ரி, இங்கிலாந்துப் பாடகர் பில்லி பிராக்கை அழைத்து அந்தத் தாள்களைத் திறந்து காட்டினார். அமெரிக்கத் தொழிலாளர் பாட்டுகளுக்கு மெட்டுப் போட ஏன் ஓர் ஆங்கிலேயர் என்று அப்போது பலர் வியந்தார்கள். தந்தையைப் போலவே பாடிக் காட்டும் ஒருவரை மகள் தேடவில்லை. தந்தையின் சொற்களை இந்தக் காலத்துக் குரலில் கேட்க விரும்பினார். பிராக், சிகாகோவைச் சேர்ந்த வில்கோ குழுவினரையும் சேர்த்துக்கொண்டார். 1998-இல் வெளிவந்த தொகுப்புக்கு ‘மெர்மெய்ட் அவென்யூ’ என்று பெயர். புரூக்ளினில், கோனி தீவுப் பகுதியில் கத்ரி குடும்பம் வாழ்ந்த தெருவின் பெயர் அது. போராட்டப் பாட்டுகளை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு காத்திருந்தது. காதல் பாட்டும் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பாட்டும் இருந்தன. இங்கிரிட் பெர்க்மன் என்ற திரைப்பட நடிகையை எண்ணி உருகும் பாட்டுகூட இருந்தது. மெட்டில்லாமல் கிடந்த தாள்கள் திறக்கப்படாமல் போயிருந்தால், உலகம் அவரை எப்போதும் முறுக்கிய முகத்துடனேயே நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சேர்க்கையில் சண்டையும் வந்தது. ஒலிக்கலவையை எப்படி முடிப்பது என்பதில் பிராக்குக்கும் வில்கோ குழுவினருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. ஆனாலும் 2000-இல் இரண்டாம் பாகம் வந்தது; கத்ரியின் நூற்றாண்டான 2012-இல் எஞ்சிய பாடல்களும் வந்தன. ஒருவர்மேல் இருவருக்கு மதிப்பு இருக்கிறது என்பதால் அந்த இருவருக்குள்ளும் ஒத்துப்போகும் என்று எண்ணிவிடக் கூடாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தொகுப்பில் சொல் கத்ரியுடையது, மெட்டு இன்னாருடையது என்று பாட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: சொல் தாத்தாவுடையது, இசை அந்த இளையருடையது. சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுதியவர் காலமான ஆண்டு முடிந்து எழுபது ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. உங்கள் தாத்தாவின் பாட்டுகளுக்கு அது 2058-ஆம் ஆண்டின் இறுதிவரை நீள்கிறது. அது தாத்தாவின் வாரிசுகளைச் சேரும் என்பதால், உங்கள் பெற்றோர், மாமா, சித்தி என்று உரிமையுள்ள அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே நோட்டுப் புத்தகத்தை வெளியே கொடுங்கள். மூலத்தைக் கொடுக்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் கொடுப்பது நல்லது. அடித்துத் திருத்திய வரிகளையும் சேர்த்துப் படமெடுங்கள். எந்தச் சொல்லை நீக்கி எதை வைத்தார் என்பதில்தான் மெட்டின் எலும்பு கொஞ்சம் தெரியும்.

கேள்வி: நான் கிட்டார் வாசிக்கிறேன், நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். எங்கள் பேட்டையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், உறுமி மேளக் குழுவுக்காகப் பல ஆண்டுகளாகப் பாட்டுக் கட்டி வருகிறார். அவற்றை நவீன இசையோடு பதிவுசெய்ய ஆசை. அவரை எப்படி அணுகுவது? ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை என்று ஒரு நண்பன் சொல்கிறான்.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள், தம்பி. கட்டியவர் உங்கள் பேட்டையிலேயே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அது எப்படிப் பாரம்பரியப் பாடலாகும்? தோ பாயோ வாசகிக்கு நான் எழுதியதைப் படியுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் காப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்; அதில் பாடியவரின் பெயரும் அடங்கும். கம்பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிங்கப்பூர் இசையமைப்பாளர், எழுத்தாளர் சங்கம் 1987 முதல் இயங்கி வருகிறது. பாட்டுகளைப் பதிவுசெய்துகொள்வது பற்றி அங்கே கேட்டு, பெரியவரையும் உடன் அழைத்துப் போங்கள். வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் ஒலிப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் தமிழில் எழுதி, அவரை வாசிக்கச் சொல்லிக் கையொப்பமிடுங்கள். வருமானமே வராது என்று சிரிக்காதீர்கள். வராத பணத்துக்காகவும் நட்புகள் முறிந்திருக்கின்றன.

தைப்பூச ஊர்வலப் பாதையில் 1973 முதல் வாத்தியங்களுக்குத் தடை இருந்து, 2016-இல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. பெரியவர் பாட்டுக் கட்டிய ஆண்டுகளில் பெரும்பகுதி, பக்தர்கள் நடக்கும் பாதையில் உறுமி முழங்க முடியாத காலம். கோயிலுக்குள்ளும் வீட்டு விசேடங்களிலுமே அவை ஒலித்திருக்கும். ஆகவே அவரிடம் முதலில் மெட்டைக் கேட்காமல், எந்தப் பாட்டை எங்கே, யாருக்காகக் கட்டினார் என்று கேளுங்கள். உங்கள் கீபோர்டையும் டிரம்ஸையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் குரல் எந்தச் சுருதியில் இயல்பாக நிற்கிறதோ அதற்கு உங்கள் கிட்டாரைத் திருத்துங்கள். உங்கள் சுருதிக்கு அவரை இழுக்காதீர்கள்.

கைப்பேசியை முதல் நாளே நீட்டாதீர்கள் என்பதை என் சொந்தத் தவற்றிலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையருகே ஒரு பாட்டி மாலைதோறும் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து ஆட்டிக்கொண்டு பாடுவார். கடைக்குப் போகும் வழியில் ஒருநாள் காதில் விழுந்த அடிகள் என்னை நிறுத்திவிட்டன:

பன்னெண்டாம் மாடியிலே படுத்துறங்கும் என் பவுனே
மின்தூக்கிச் சத்தத்துக்கு முழிச்சுக்க வேணாமடி

தாலாட்டுக்குள் மின்தூக்கி வந்துவிட்டது! ஆர்வம் தாங்காமல் மறுநாள் கைப்பேசியை அவர் முன் வைத்து, “பாட்டி, நேற்றுப் பாடினீர்களே, அதைக் கொஞ்சம் பாடுங்கள்” என்றேன். அவர் முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, வானொலியில் வருவதைப் போன்ற குரலில் ஒரு பழைய பக்திப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிழையில்லாமல் பாடினார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் ஒரு மாதம் போல், கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். ஒரு மாலை, மின்தூக்கி அடிகள் தாமாகவே திரும்பி வந்தன. “அடுத்த அடி என்ன, பாட்டி?” என்று கேட்டேன். அவர் தள்ளுவண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “அதான் தூங்கிருச்சே, இனி எதுக்குப் பாட்டு?” என்றார்.